பூனைக்குப் பல் விளக்குவது: வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலியைத் தலை கிள்ளி, அந்தத் தலைகளை மட்டும் உப்புப் போடாமல் வேகவைத்து ஆற வைத்தால், ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பூனை தட்டு தரையைத் தொடுவதற்கு முன்பே வந்து நின்றுவிடும். ஒரு நாள் அது வழக்கம்போல் ஓடி வந்தது. ஒரு தலையை வாயில் எடுத்தது. முகத்தை வலப்பக்கமாகச் சாய்த்து இரண்டு முறை மென்றது. பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சீறியது. நெத்திலி அதற்குச் சலித்துவிட்டது என்று நினைத்து, பத்து நாட்கள் மீனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மருத்துவர் அதன் கீழுதட்டை விலக்கிக் காட்டியபோது, இடப்பக்கக் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லின் அடியில் ஈறு சிவந்து, பல்லுக்குள்ளேயே ஏறி வளர்ந்திருந்தது. அந்தப் பல்லையும் அதற்கு அடுத்ததையும் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றுவரை பூனையின் வாயை நான் ஒருமுறைகூடத் திறந்தோ விலக்கியோ பார்த்ததில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்க வேண்டும்.

பூனைக்குக் குட்டிப் பருவத்தில் 26 பாற்பற்கள் இருக்கும். ஏறத்தாழ நான்காவது மாதத்திலிருந்து அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதங்களுக்குள் 30 நிலைப்பற்கள் முளைத்து முடியும். முன்னால் அரிசிமணி போல வரிசையாக இருக்கும் 12 வெட்டுப்பற்கள், ஊசி போன்ற 4 கோரைப்பற்கள், மீதமுள்ள 14 பக்கவாட்டுப் பற்கள் என்பது கணக்கு. நம் கடைவாய்ப் பற்களைப் போல அரைப்பதற்கான தட்டையான மேற்பரப்பு அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டுகின்றன. அதனால்தான் நமக்கு வருவது போன்ற பள்ளமான சொத்தைப்பல் பூனைக்கு வருவதில்லை. அதன் தொல்லைகள் பெரும்பாலும் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தொடங்குகின்றன.

அந்த விளிம்பில் நடப்பது இதுதான். உணவு உண்ட சில மணி நேரத்துக்குள் பல்லின் மீது கிருமிகள் கலந்த வழுவழுப்பான படலம் ஒன்று உருவாகிறது. ஒரு நாளைக்குள் அதைத் துடைத்துவிட்டால் போய்விடும். விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்பு உப்புகள் அதில் சேர்ந்து, இரண்டு மூன்று நாட்களிலேயே அது இறுகத் தொடங்கிப் பற்காரையாகிவிடும். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்தில் போர் தண்ணீர் வரும் குழாயின் வாயில் வெள்ளையாக உப்பு கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஈரத்துணியால் துடைத்தால் போகும் உப்பு, ஒரு மாதம் கழித்துச் சுரண்டினாலும் போகாது. பற்காரையும் அப்படித்தான்; ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தூரிகையும் அதை எடுக்காது, மருத்துவரின் கருவிதான் எடுக்க வேண்டும். அதன் சொரசொரப்பின் மீது புதிய படலம் இன்னும் எளிதாகப் படிந்து, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆட்டம் காண்கிறது. நான்கு வயதைத் தாண்டிய பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏதேனும் ஓர் அளவில் பல் நோய் இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதில் மிகை எதுவுமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது

பல் விளக்கத் தொடங்குவதற்கு முன்பு வாயில் வலி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது கட்டாயம். வலியுள்ள வாயில் தூரிகையை வைத்தால், பூனை அந்த வலியையும் உங்கள் கையையும் ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் உதட்டருகே விரலைக் கொண்டுபோக முடியாது. சிக்கல் என்னவென்றால், பூனை வலியை மறைப்பதில் கைதேர்ந்தது. பல் வலியோடும் அது சாப்பிடும், ஏனெனில் மெல்லாமல் விழுங்குவது அதற்கு எளிது. ஆகவே தட்டு காலியாகிறதா என்று பார்ப்பதைவிட, எப்படிக் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து மெல்வது, கடினமான உணவை விட்டுக் குழைந்ததையே தேடுவது, வாயிலிருந்து துண்டுகள் விழுவது, சாப்பிடும்போது திடீரென்று தட்டை விட்டு ஓடுவது, முன்காலால் வாயைத் தேய்ப்பது, எச்சில் வடிவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொண்டு ரோமம் திரிதிரியாகக் கிடப்பது ஆகியவை அறிகுறிகள். வாய் நாற்றத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும்: மீன் தின்ற பூனையின் வாயில் மீன் வாடை அடிப்பது இயல்பு, அது சிறிது நேரத்தில் குறையும், சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆன பின்னும் அழுகல் வாடை அடித்தால் அது நோய்.

இரண்டு நோய்களைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒன்று எங்கள் பூனைக்கு வந்த பல் கரைவு நோய். பல் தன் வேர்ப்பக்கத்திலிருந்தோ கழுத்துப் பகுதியிலிருந்தோ தானாகவே கரைந்துபோகும். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முதல் பல்தான் இதற்குப் பெரும்பாலும் இலக்காகிறது. இதன் காரணம் இன்றுவரை உறுதியாக அறியப்படவில்லை என்பதால், பல் விளக்குவதால் இதைத் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் உதட்டை விலக்கிப் பார்ப்பவர் கண்ணில் இது சீக்கிரம் படும். மற்றொன்று வாய் முழுவதும், குறிப்பாகத் தாடைகள் சேரும் பின்பகுதியில், ஈறும் சதையும் செக்கச்செவேலென்று புண்ணாகும் நோய். இது படலத்துக்கு எதிராகப் பூனையின் உடல் அளவுக்கு மீறிச் சண்டையிடுவதால் வருவதாகக் கருதப்படுகிறது; பூனைகளுக்குச் சளிக்காய்ச்சல் தரும் கேலிசி வைரஸுக்கும் இதில் தொடர்பு உண்டு. இந்த இரண்டில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் உதவாது.

வாங்க வேண்டியதும் தொடக்கூடாததும்

பற்பசை பூனைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நாம் பயன்படுத்தும் பற்பசையை நாம் துப்பிவிடுகிறோம், பூனைக்குத் துப்பத் தெரியாது. அதிலுள்ள ஃப்ளோரைடும் நுரை வருவதற்கான பொருளும் முழுவதுமாக வயிற்றுக்குள் போகும். தொடக்கத்தில் ஆர்வக்கோளாறில் என் பற்பசையையே ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். புதினாக் காரம் பட்டவுடன் அது வாயெல்லாம் நுரையும் எச்சிலுமாகக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டு, மாலைவரை வெளியே வரவில்லை. பல்பொடி, உப்பு, அடுப்புக்கரி, சமையல் சோடா எல்லாம் இதே காரணத்துக்காகவும், பல்லைக் கீறும் என்பதற்காகவும் வேண்டாம். கிராம்பு எண்ணெய் நமக்குப் பல்வலிக்குக் கண்கண்ட மருந்து; பூனைக்கு அது நஞ்சு, ஏனெனில் அவ்வகை எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதே காரணத்தால் பாராசிட்டமால் மாத்திரையின் ஒரு சிறு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும். வலியில் துடிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெரம்பூர், புரசைவாக்கம் பகுதிகளிலுள்ள செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டால், பல நேரங்களில் நாய்க்கான பற்பசையை எடுத்து நீட்டி, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வார்கள். உறையில் பூனைக்கும் உகந்தது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். புதினாவோ தேயிலைமர எண்ணெயோ கலந்தது வேண்டாம். கோழி அல்லது மீன் சுவையுள்ளதைத் தேர்ந்தெடுப்பது நலம். பூனைக்கு இனிப்புச் சுவையை உணரும் அமைப்பே நாக்கில் செயல்படுவதில்லை. ஆதலால் பழச்சுவைப் பசை அதை வாங்குபவரை மட்டுமே மகிழ்விக்கும். பற்பசை கிடைக்காவிட்டால் வெறும் நீரில் நனைத்த தூரிகையே போதும். படலத்தைப் பெருமளவுக்கு அகற்றுவது தூரிகையின் உரசல். பசை அதற்குக் கூலியாகக் கொடுக்கும் தீனி என்றே வைத்துக்கொள்ளலாம்.

தூரிகையைப் பொறுத்தவரை, பல் முளைக்கும் கைக்குழந்தைகளுக்கென்று விற்கும், மிகச் சிறிய தலையும் மிருதுவான இழைகளும் கொண்டதே தாராளமாகப் போதும். விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் தூரிகை பார்வைக்கு வசதியாகத் தோன்றும், ஆனால் அது நாயின் வாய்க்கு ஏற்ற பருமன்; பூனையின் கன்னத்துக்குள் நுழையாது, நுழைந்தால் விரலும் கோரைப்பல்லும் அருகருகே இருக்கும். தொடக்கக் கட்டத்துக்குப் பழைய வேட்டியின் மெல்லிய துண்டோ காஸ் துணியோ இருந்தால் போதும்.

பழக்குவது

இந்த வேலையில் கடினமானது இதுதான், அதனால் இதற்கு அதிக நாட்கள் ஒதுக்குங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் என்பது நியாயமான கணக்கு. குட்டியாக இருந்தால் விரைவில் பழகிவிடும், வளர்ந்த பூனைக்கு இன்னும் நாளாகலாம். பாற்பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும் மாதங்களில் ஈறு நோவாக இருக்கும் என்பதால், அப்போது உதட்டைத் தொட்டுப் பழக்குவதோடு நிறுத்திக்கொண்டு, தேய்ப்பதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சந்தடி அடங்கி, பூனை அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரமே சரிப்பட்டு வந்தது. மொட்டைமாடியில் வேண்டாம்; பக்கத்து ஓட்டுக்கூரைக்குத் தாவினால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்து நான் முயன்ற முதல் வாரத்தில், கூடையோடு தெருவில் வந்த மீன்காரப் பெண் நின்று பார்த்துவிட்டு, “இன்னாக்கா, பூனைக்குப் பல்லு வெளக்கி வுடுறியா?” என்று கேட்ட சத்தத்திலேயே அது பாய்ந்து ஓடிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் மூலையில் உட்காருவதே மேல்.

முதல் வாரம் வாயைத் தொட வேண்டியதில்லை. விரல் நுனியில் சிறிது பசையைத் தடவி நக்க விடுங்கள். பசையை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், மீனையோ கோழியையோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாற்றில் விரலை நனைத்துக் கொடுக்கலாம். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக்கூடாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். இரண்டாம் வாரம், நக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு கையால் கன்னத்தைத் தடவி, கட்டைவிரலால் மேலுதட்டின் ஓரத்தை ஒரு நொடி மட்டும் மேலே தூக்கி விட்டுவிடுங்கள். மூன்றாம் வாரம், சாற்றிலோ பசையிலோ தோய்த்த துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு கோரைப்பல்லின் வெளிப்புறத்தை மட்டும் இரண்டு முறை தடவுங்கள். கோரைப்பல்லில் தொடங்குவது எளிது. முன்வெட்டுப் பற்களைத் தொடுவதைத்தான் பூனைகள் மிகவும் வெறுக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பூனை தானாக விலகுவதற்கு முன்பே நீங்கள் கையை எடுத்துவிட வேண்டும். வால் தரையில் அடிப்பதும், காது பின்னால் படுப்பதும் அதன் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நேற்று கிடைத்ததையும் இன்று இழப்பீர்கள். துவாலையில் சுற்றி அமுக்கிப் பிடித்தால்தான் நடக்கும் என்ற நிலை வந்தால், ஒரு கட்டம் பின்னால் போய்விடுங்கள்.

தூரிகை வந்த பிறகு முறை இது. தரையில் மண்டியிட்டு, பூனையின் முதுகு உங்களைப் பார்க்குமாறு இரண்டு தொடைகளுக்கும் நடுவில் உட்கார வையுங்கள். எதிரே உட்கார்ந்து முகத்தை நோக்கிக் கையை நீட்டுவது பூனைக்குத் தாக்குதலாகத் தெரியும். இடக்கையை உச்சந்தலையின் மீது குடை போல வைத்து, கட்டைவிரலால் மேலுதட்டைப் பின்னோக்கியும் மேலாகவும் விலக்குங்கள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பற்கள் மூடியபடியே இருக்கட்டும். துவரம்பருப்பு அளவுப் பசையை இழைகளுக்குள் புகும்படி அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், மேலே குவித்து வைத்தால் முதல் நக்கலிலேயே போய்விடும். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈற்று விளிம்பிலும் படுமாறு 45 பாகை அளவில் சாய்த்து, சிறுசிறு வட்டமாகவோ, ஈற்றிலிருந்து பல் நுனியை நோக்கியோ தேயுங்கள். உள்பக்கத்தை விட்டுவிடலாம், அரம் போன்ற நாக்கு அந்த வேலையை ஓரளவு செய்துவிடுகிறது. மேல்தாடையின் பின்பக்கத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும் பல்லுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. உமிழ்நீர் சுரக்கும் குழாய் அதனருகே திறப்பதால், பற்காரை முதலில் கட்டுவது அங்கேதான். பக்கத்துக்கு அரை நிமிடம் கிடைத்தால் அது பெரிய வெற்றி. ஒரு நாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் என்று பிரித்துக்கொண்டாலும் தவறில்லை.

தினமும் செய்வது சிறந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாலும் பயன் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை என்பது, பற்காரை இறுகும் வேகத்தைப் பார்த்தால், பூனையைத் தொந்தரவு செய்வதற்கு மேல் எதையும் சாதிக்காது. தொடங்கிய நாட்களில் துணியில் இலேசாக இரத்தச் சிவப்பு தெரிந்தால் ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கட்டியிருக்கும் காரையை நகத்தாலும் ஊக்காலும் சுரண்டி எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு கணம் சறுக்கினால் ஈறு கிழியும், சறுக்காவிட்டாலும் பல்லின் மேற்பூச்சில் கீறல் விழுந்து அடுத்த காரைக்குப் பிடிமானமாகும்.

கையில் கடி விழுந்தால் அதைச் சிறிய புள்ளி என்று விட்டுவிடாதீர்கள். பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் மேலே காயம் மூடி உள்ளே சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள். பூனைக்கும் ஆண்டுதோறும் அந்தத் தடுப்பூசி போட்டிருப்பது அவசியம். எச்சில் வடிந்தபடி திரியும் தெருப்பூனையின் வாயை இரக்கப்பட்டு விலக்கிப் பார்ப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. உலர் தீனி கொடுத்தால் பல் தானாகச் சுத்தமாகிவிடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. சாதாரணத் தீனி பல் நுனி பட்டவுடனே நொறுங்கிவிடுகிறது, ஈற்று விளிம்பை அது தொடுவதே இல்லை. பல் நலத்துக்கென்று பெரிய துண்டுகளாக, உடையாமல் பல் உள்ளே இறங்குமாறு நார் சேர்த்துச் செய்யப்படும் தீனி வேறு. அது ஓரளவு உதவும். வடசென்னையில் பல பூனைகள் உண்பது மீன் கழிவும் தயிர்சாதமும்தான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆனால் குழைந்த சோறு பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும் என்பதால் அப்படி வளரும் பூனைக்குத் தூரிகை இன்னும் தேவை. வேகவைத்த எலும்பு வேண்டாம். அது பிளந்து குத்தும், கோரைப்பல் நுனியையும் உடைக்கும். நன்றாக இருந்த பூனை சாப்பிட்ட கையோடு திடீரென்று வாயைப் பிறாண்டிக்கொண்டால், அண்ணத்தில் மீன்முள் குறுக்கே மாட்டியிருக்க வாய்ப்புண்டு.

மருத்துவரிடம் போகும்போது

ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைக் காட்டிவிட வேண்டும். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருப்பது நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி. பற்காரை எடுப்பதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் பலர் பயந்து, மயக்கமில்லாமல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் போகிறார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு வெளுக்கும். நோய் இருக்கும் ஈற்றுக்கு அடியிலான பகுதியை விழித்திருக்கும் பூனையிடம் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பல் கரைவு நோயின் பெரும்பகுதி வேரில் மறைந்திருக்கும். மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்திருப்பது என்பதை அவர்கள் சொல்வதைப் போலவே கடைப்பிடியுங்கள்.

பல் எடுத்த பின் தையல் ஆறும்வரை தூரிகை வேண்டாம். எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கச் சொன்னார்கள்; நான் விட்ட இடத்திலிருந்து தொடராமல், மறுபடியும் விரலில் சாற்றை நக்கவிடும் முதல் வாரத்திலிருந்தே ஆரம்பித்தேன். இப்போது அது இடப்பக்கம் இரண்டு பல் குறைவாகவே நெத்திலித் தலையை மெல்கிறது, முகத்தைச் சாய்க்காமல்.